இரசாயனவியல் திணைக்களக் கருத்தரங்குகளுக்குப் போவதால் ஏதாவது பயன் உண்டா?

கேட்டவர் கொழும்பில் இரசாயனவியல் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவர். கிழமைக்கு ஒரு கருத்தரங்கு, இடையில் போஸ்டர் போட்டி என்று அறிவித்தல் வந்துகொண்டே இருக்கிறதாம். அந்த நேரத்துக்கு இரண்டு பாஸ்ட் பேப்பர் செய்தால் என்ன என்று கேட்கிறார்.

தேநீரோடு தரும் பற்றிசுக்காகப் போனவன் எழுதும் பதில் இது. நோட்டீஸ் போட்டில் 'கருத்தரங்கு, பி.ப. 2.00' என்றிருந்தால், கீழே 'தேநீர் வழங்கப்படும்' என்ற வரி இருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். பேச்சாளர் யார், தலைப்பு என்ன என்பதெல்லாம் பிறகு.

ஆனால் எனக்கு அங்கே வேறொன்று கிடைத்தது. நான் உயர்தரம் தமிழ் மொழிமூலம். கருநாடி (இலத்திரன் சோடியைக் கொடுப்பது), இலத்திரன்நாடி (அதை வாங்குவது) என்று ஆயிரம் தரம் எழுதிப் பழகிய கை. கம்பஸில் விரிவுரையாளர் நியூக்ளியோஃபைல் என்று சொல்லிக்கொண்டே போகிறார், எனக்கு அது ஏதோ புது ஆள் மாதிரி இருந்தது. பலகையில் வளைந்த அம்பைப் போட்ட பிறகுதான் 'அட, நம்மட கருநாடி' என்று பிடிபட்டது. விரிவுரையில் குறிப்பெடுக்கவே நேரம் போதாது. கருத்தரங்கில் பரீட்சைப் பயம் இல்லை, பின்வரிசையில் சும்மா இருந்து காது கொடுக்கலாம். நாலைந்து மாதத்தில் ஆங்கிலத்தில் இரசாயனவியல் பேசும் விதம் தானாக ஒட்டிக்கொண்டது. முதல் சில தடவை அரைவாசி விளங்காது. அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

நொபெல் பரிசு அறிவிக்கும் நாளைத் தவற விடாதீர்கள். ஸ்டொக்ஹோமில் காலை 11.45, எங்களுக்குப் பிற்பகல் 3.15. 2022 ஒக்டோபரில் செய்முறை முடிந்து, ஆய்வுகூட வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஒரு ஃபோனைச் சுற்றி நின்று பார்த்தோம். மூலக்கூறுகளைக் கொளுவி மாதிரி 'கிளிக்' என்று இலகுவாக இணைக்கும் கிளிக் கெமிஸ்ட்ரிக்கு பெர்டோசி, மெல்டல், ஷார்ப்லெஸ் மூவருக்கும். ஷார்ப்லெஸுக்கு அது இரண்டாவது தரம்; 2001 இலும் வாங்கியிருந்தார். இரசாயனவியலுக்காக இரண்டு தரம் வாங்கிய இன்னொருவர் சாங்கர் மட்டும்தான். அந்த வாரமே திணைக்களத்தில் ஒரு சேர் அரை மணித்தியாலம் பேசினார். மெல்டலும் ஷார்ப்லெஸும் செப்பை ஊக்கியாக வைத்துச் செய்த தாக்கத்தை, செப்பு உயிர்க்கலங்களுக்கு நஞ்சு என்பதால், பெர்டோசி அது இல்லாமலே நடத்திக் காட்டியதை அவர் விளக்கிய விதம் இன்றும் நினைவில் இருக்கிறது. பாஸ்ட் பேப்பரில் இது வராது.

எல்லாவற்றுக்கும் போகத் தேவையில்லை. குத்துவிளக்கு ஏற்றி ஐந்து பேர் வாழ்த்துரை சொல்லும் திறப்பு விழாக்களுக்கு நான் போவதே இல்லை. வினாடி வினா பம்பலாக இருக்கும், அவ்வளவுதான். ராஜகிரியவில் உள்ள இரசாயனவியல் நிறுவகத்துக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள். 1941 இல் சங்கமாகத் தொடங்கி 1971 இல் நிறுவகமானது. பெயரில் இன்னும் 'சிலோன்'தான். கட்டடத்தின் பெயர் அடமன்டேன் ஹவுஸ். அடமன்டேன் என்பது 10 காபன், 16 ஐதரசன், வைரத்தின் அணு அடுக்கில் ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரியான மூலக்கூறு. வீட்டுக்கு இப்படிப் பெயர் வைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

போஸ்டர் போட்டிக்குப் பார்வையாளராகப் போவதை விட ஒட்டுபவராகப் போங்கள். நான் அடி வாங்கிய கதையைச் சொல்கிறேன். 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது ஞாபகம் இருக்கும். 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக்கமிலம், அப்புறம் கரையெல்லாம் ஒதுங்கிய, துவரம்பருப்பு அளவான பிளாஸ்டிக் மணிகள். இறுதி ஆண்டு ஆய்வுக்காக சரக்குவக் கரையில் எரிந்து கறுத்த மணிகளைப் பொறுக்கி ஐஆர் (பிணைப்புகளை அடையாளம் காட்டும் அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தேன். அலையெண் 2915, 2848 இரண்டிலும் பொலித்தீனின் உச்சங்கள் அப்படியே. 1715 அளவில் புதிதாக ஒன்று; காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த காபனைல் கூட்டத்தின் அடையாளம். 'எரிந்ததால் ஒட்சியேறிக் காபனைல் வந்திருக்கிறது' என்று போஸ்டரில் தடித்த எழுத்தில் போட்டேன்.

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வயதான மிஸ் ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எரியாத மணி ஏதும் எடுத்துப் பார்த்தீரா?"

எடுக்கவில்லை. கரையில் கறுப்பும் வெள்ளையும் கலந்துதான் கிடந்தது. நான்தான் கறுப்பை மட்டும் பொறுக்கினேன். என் மேற்பார்வையாளர், நண்பர்கள், நான், ஒருவருக்கும் அதுவரை இது தோன்றவில்லை. அன்று பரிசும் இல்லை, பற்றிசும் இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் வெள்ளை மணிகள் பத்தை எடுத்து வந்து பார்த்தேன். அதிலும் 1715 இல் சின்னதாக ஒரு மேடு. நெருப்பே படாமல், இரண்டு வருட வெயில் செய்த வேலை. அறிக்கையின் முடிவுரையை முழுதாக மாற்றி எழுத வேண்டி வந்தது.