காலண்டரில் அச்சிடாத மூன்று வசனங்கள்

கேள்வி: அதிகாலை ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம், தசமபாகம் எதையும் நான் விட்டதில்லை. ஆனாலும் உள்ளத்தில் இளைப்பாறுதல் இல்லை. மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது, இவர்கள் அறிந்த தேவனை நான் அறியவில்லையோ என்று பயம் வருகிறது. (நாத்தனாரோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை; அது வேறு விஷயம்.) இன்னும் நான் என்ன செய்யவேண்டும்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, புதிதாக ஒன்றும் கூட்டாதீர்கள். இருப்பதில் கொஞ்சம் குறையுங்கள்.

'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்' என்ற மத்தேயு 11:28 நம் வீட்டுக் காலண்டரிலெல்லாம் இருக்கிறது. அதற்கு முன்னே வரும் மூன்று வசனங்களை யாரும் அச்சடிப்பதில்லை. பிதா இவைகளை ஞானிகளுக்கும் கல்விமான்களுக்கும் மறைத்துப் பாலகருக்கு வெளிப்படுத்தினார் என்கிறது 25. குமாரன் வெளிப்படுத்தினால் ஒழிய ஒருவனும் பிதாவை அறியான் என்கிறது 27. அந்தக் கையோடுதான் இயேசு 'என்னிடத்தில் வாருங்கள்' என்கிறார். உங்களுக்கு இளைப்பாறுதலும் வேண்டும், தேவனை அறியவும் வேண்டும். இரண்டும் ஒரே வாசல். கைநிறையக் கணக்கோடு வருகிறவர்களுக்கு அந்த வாசல் குறுகலாக இருக்கிறது.

அவர் சொன்ன பாரம் எது? வீட்டுக் கஷ்டம், கடன், வியாதி என்றே பிரசங்கம் கேட்டிருப்போம். அதுவும் உண்டு. ஆனால் அடுத்த அதிகாரத்தைத் திறந்தால், பசியில் கதிர் கொய்து தின்ற சீஷர்களை ஓய்வுநாள் சட்டம் பேசி மடக்குகிறார்கள், நியாயப்பிரமாணத்தை நுணுக்கமாகக் கைக்கொண்ட பரிசேயர். 23:4-இல், சுமப்பதற்கரிய சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களில் ஏற்றுகிறவர்களை ஆண்டவர் நேராகவே கண்டிக்கிறார். 'கூட்டத்துக்கு வராவிட்டால் ஆசீர்வாதம் தடைபடும்' என்று மேடையில் மிரட்டும் ஊழியர்கள் அந்த வசனத்தைத் தங்களுக்கென்று வாசிக்க வேண்டும்.

லூக்கா 18-இல் பரிசேயன் ஜெபத்தைக் கவனியுங்கள். வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன், தசமபாகம் செலுத்துகிறேன் என்கிறான். இரண்டும் நல்லவையே. ஆனால் அந்த ஜெபத்தில் தேவனிடம் அவன் ஒன்றுமே கேட்கவில்லை. உங்கள் கடிதத்திலும் செலுத்தியதன் பட்டியல் இருக்கிறது, கேட்டது எதுவும் இல்லை. உங்களைப் பரிசேயர் என்று சொல்ல வரவில்லை. உங்கள் பயமே, அதே கதையில் தூரத்தில் நின்று இரக்கம் மட்டும் கேட்ட ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) நின்ற இடத்துக்கு அருகில் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. 1505-இல் ஜெர்மனியின் எர்பர்ட் மடத்தில் சேர்ந்த, பின்னாளில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் உபவாசத்திலும் கண்விழிப்பிலும் எவருக்கும் குறைவு வைக்கவில்லை. மணிக்கணக்கில் பாவ அறிக்கையும் செய்தார். சமாதானம் அங்கே வரவில்லை. 'விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்' என்பது தேவன் இலவசமாய்த் தரும் நீதி என்று புரிந்தபோதுதான் வந்தது.

இனி செய்யவேண்டியது. இரண்டு மாதம் முழு இரவு ஜெபத்துக்குப் போகாதீர்கள். சூரைச்செடியின் கீழ் சாவு கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் உபதேசம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவன் மறுபடியும் தூங்கினான், மறுபடியும் எழுப்பிக் கொடுத்தான். தேவனுடைய மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்டது அதற்குப் பிறகுதான். தூக்கமும் பசியும் பல வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

இரவில் கால்மணி நேரம் போதும். சங்கீதம் 131 மூன்றே வசனம். வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தரம் வாசியுங்கள். பிறகு அன்றைய பாவம் ஒன்றைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்கள்' என்று மொத்தமாக முடித்துவிடுவது ஒளிந்துகொள்ள வசதியான வழி. 'மகளிடம் பொய் சொன்னேன்' என்பதுதான் அறிக்கை. 'தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்று கேளுங்கள். சில நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் படுங்கள். பகலில் மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சம்பவம் மட்டும். இயேசு இங்கே யாரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். 'என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்' என்றார் அவர். சாட்சி சொல்லுகிறவர்களின் உணர்ச்சியைத் தேடினால் அது உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம்.

இதிலும் இரண்டு விதமாகத் தடுக்கி விழுவோம். பத்து நாளில் ஒன்றும் தோன்றவில்லையே என்று கால்மணியை ஒருமணி ஆக்குவோம். பழைய கணக்கு திரும்பிவிடும். இல்லாவிட்டால், 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்று அழுவதைத் தாழ்மை என்று நினைப்போம். அதிலும் பேச்செல்லாம் நம்மைப் பற்றியே. மத்தேயு 11:29-இல் ஆண்டவர் சொன்ன மனத்தாழ்மை, அவரிடத்தில் கற்றுக்கொள்ள உட்காருவது.

கற்றுக்கொள்வதற்கு முதல் பாடம் உங்கள் கடிதத்திலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. நாத்தனார் வேறு விஷயம் இல்லை. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முன்பு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. தசமபாகத்துக்கும் அது பொருந்தும். இந்த வாரமே போன் செய்யுங்கள். உங்கள் பக்கத்துத் தப்பை மட்டும் சொல்லுங்கள். 'நீங்களும்தான்' என்று ஆரம்பிக்க வேண்டாம், காரணம் விளக்க வேண்டாம். அவர் போனை எடுக்காவிட்டால் மறுபடி ஒருநாள் கூப்பிடுங்கள். அவர் மன்னிப்பது அவர் பொறுப்பு.