அப்பாவின் 1986 புல்லட்: வெட்டி பாபர் ஆக்கலாமா, அப்படியே வைக்கலாமா?

கேள்வி: அப்பா 1986-ல் வாங்கிய புல்லட் 350 ஆறு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பின்பக்கம் வெட்டி, சிங்கிள் சீட், அகல டயர் போட்டு பாபராக மாற்ற ஒரு பட்டறையில் 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். “ஆர்சி வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம், வின்டேஜ் சர்டிபிகேட்டே வாங்கிடலாம், பழைய பார்ட்ஸை எங்ககிட்ட விட்டுட்டா பத்தாயிரம் கழிச்சுக்கலாம்” என்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இதை ஓட்ட ஆசை. என்ன செய்வது?
வாசகர், ஈரோடு

பதில்: வெட்டாதீர்கள். அந்தப் பட்டறைக்கு முன்பணம் கொடுத்திருந்தால், வேலை தொடங்குவதற்குள் வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். பழைய பார்ட்ஸுக்குப் பத்தாயிரம் கழிவு என்கிறார்களே, உங்கள் கேள்வியிலேயே மோசமான வரி அதுதான்.

உங்களுடையது திருவொற்றியூர் ஆலையில் தயாரான வண்டி. வார்ப்பிரும்பு சிலிண்டர், 346 சிசி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நாலு கியர். ஹெட்லைட்டைச் சுற்றி ஃபோர்க்கின் தலையில் ஒரு அலுமினிய வார்ப்பு உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். ஸ்பீடோமீட்டர், ஆம்பியர் மீட்டர், இரண்டு பக்கமும் ‘டைகர் லேம்ப்’ என்று சொல்லும் சின்ன விளக்குகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாபர் வேலையில் முதலில் கழற்றப்படுவது அது. பிறகு டேங்க், இரண்டு டூல் பாக்ஸ், ஆழமான மட்கார்டு, நீள சைலன்சர், ஸ்பிரிங் சீட். இதெல்லாம் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? பழைய வண்டியை ஒரிஜினலாகச் சீர்செய்ய நினைக்கும் இன்னொருவர் இதே பார்ட்ஸுக்காக சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குகிறார். அவருக்கு அது பத்தாயிரத்துக்குக் கிடைக்காது. உங்களிடம் வேலைக்கூலியும் வாங்கி, உங்கள் பார்ட்ஸை விற்றும் காசு பார்க்கிறார்கள். எந்தப் பட்டறையில் எந்த வேலைக்கு விட்டாலும், வண்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, கழற்றிய பொருள் ஒவ்வொன்றும் எனக்கே திரும்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த பிஸ்டனும் அறுந்த கேபிளும்கூட சாக்கில் போட்டு வீட்டுக்கு வரட்டும். புதுசு போட்டேன் என்று பில் எழுதியவர் உண்மையில் போட்டாரா என்று தெரிய வேறு வழி இல்லை.

அடுத்தது ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்வது எளிமையானது. தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் ஆர்சியில் இருக்கை இரண்டு என்று இருக்கும். சிங்கிள் சீட் போட்ட நிமிடமே வண்டியும் ஆர்சியும் வேறு வேறு. சேஸிஸ் வெட்டுவது அதைவிடப் பெரிய மாற்றம். சத்தம் போடும் சைலன்சருக்குத் தனிப் பிரிவு, 10,000 ரூபாய் வரை. விதிமீறி மாற்றித் தரும் டீலருக்கு ஒரு வருடம் வரை சிறை, வண்டிக்கு ஒரு லட்சம் அபராதம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் மெயின் ரோட்டில் போர்டு மாட்டி அந்த சைலன்சரைத் தொங்கவிட்டு விற்கும் கடை திறந்தேதான் இருக்கிறது. நிறுத்தப்படுவது அதை வாங்கி மாட்டிய பையன் மட்டும். இந்த அநியாயம் மாறும்வரை அபராதம் உங்கள் தலையில்தான்.

“நாங்க பாத்துக்கறோம்” என்பதன் பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் இரவல் சீட்டும் மட்கார்டும் மாட்டி வண்டியைக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றிவிடுவார்கள். அல்லது புரோக்கர் வேறொரு வண்டியைக் காட்டுவார். இதைவிடப் பயங்கரமானது, “வேற சேஸிஸ் போட்டு உங்க நம்பரையே அடிச்சுத் தர்றோம்” என்பது. திருட்டு வண்டிகள் ஆர்சி பெறுவது இந்த வழியில்தான். அந்த நம்பர் கண்டுபிடிக்கப்படும் நாளில் காவல் நிலையத்தில் உட்காரப்போவது நீங்கள், பட்டறைக்காரர் இல்லை.

இப்போது வின்டேஜ் சர்டிபிகேட். புரோக்கர்கள் இந்த ஒரு வார்த்தையை வைத்து நிறையப் பேரை ஏமாற்றுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனம் மட்டுமே வின்டேஜ். உங்கள் வண்டி அந்த வயதை 2036-ல்தான் தொடும். அதற்கு முன்னால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தச் சான்று கிடையாது. யாராவது காட்டினால் அது வெறும் காகிதம். 50 வருடம் ஆனாலும் போதாது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. வெட்டிய வண்டியை வின்டேஜாகப் பதிகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விதியைப் படிக்கவே இல்லை. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவைக்குத்தான் ‘விஏ’ எழுத்து உள்ள தனி வரிசை. புதுப் பதிவுக் கட்டணம் 20,000, பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எல்லாவற்றையும்விட முக்கியம், வின்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும்தான். வாரம் இரண்டு நாள் ஓட்ட நினைக்கும் உங்களுக்கு 2036-லும் அது பயன்படாது. சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். ஆனால் சேஸிஸை இன்று வெட்டினால், 2036-ல் அந்த வாய்ப்பு வேண்டும் என்று தோன்றும்போது கதவு மூடியிருக்கும்.

ஆக, பட்டறைக்கு முன்னால் ஆர்டிஓ ஆபீஸ். அப்பா பெயரில் உள்ள வண்டிக்கு, ஆர்டிஓ சோதனைக்கும் புகைச் சான்றுக்கும் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதைத் தவிர, ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் வரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும் பத்திரம், அசல் ஆர்சி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், இவையெல்லாம் தேவை. கூடவே பதிவுப் புதுப்பிப்பும் இருக்கிறது. முதல் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடம் என்று கணக்கிட்டால் உங்கள் ஆர்சி 2021-லேயே காலாவதி. அதற்குப் படிவம் 25, பசுமை வரி, புகைச் சான்று, தாமதக் கட்டணம். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக் கட்டுங்கள்; புரோக்கர் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம்.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். பழைய புத்தக ஆர்சி என்றால் கணினியில் உங்கள் வண்டியே இல்லாமல் இருக்கலாம். முதலில் பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் ‘பேக்லாக் என்ட்ரி’ போட வேண்டும் என்பார்கள். ஆபீஸ் லெட்ஜரில் ஆபீஸே எழுதியதை ஆபீஸே கணினியில் ஏற்றாமல் விட்டதற்கு, வண்டிக்காரர் லீவு போட்டு அலைய வேண்டியிருக்கிறது. ஆன்லைனில் ஏற்றிய அதே ஆவணத்தை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்வதற்கும் இன்றுவரை யாரும் காரணம் சொன்னதில்லை. இந்த அலைச்சல்தான் புரோக்கர்களுக்குச் சோறு போடுகிறது. பொறுமையாக நீங்களே போங்கள். கொடுத்ததற்கெல்லாம் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனில் பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பார்ப்பார். எண்ணின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து, பென்சில் பிரிண்ட் எடுக்கச் சொல்வார். ஹேண்டில் கழுத்தருகே குத்தியிருக்கும் அந்த எண்களின் மேல் ஏற்கெனவே பெயிண்ட் ஏறியிருக்கும். தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். சாண்ட்பிளாஸ்டிங், கிரைண்டர், எமரி எதுவும் அந்த இடத்தில் படவே கூடாது. பின்னாளில் பவுடர் கோட்டிங் கொடுத்தாலும் அந்த இடத்தில் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். பவுடர் தடிமனாக உருகிக் குழியை அடைத்துவிடும். பென்சில் தேய்த்தால் வெறும் கறுப்புத்தான் விழும். சுரண்டப் போனால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும்.

இனி வண்டி. ஆறு வருடம் நின்ற புல்லட்டை ஆசையில் கிக் அடித்துவிடாதீர்கள். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க், எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள்ளேயே ஒரு தனி அறை. நாள்பட நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்படியே கிக் அடித்தால் கிக்கர் கனக்கும். கிளம்பினாலும் புகை மண்டும், எஞ்சின் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாயில் ஆயில் கொட்டும். முதலில் டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயில் முழுவதையும் வடியுங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக 20 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றவில்லையென்றால் பலம் கொடுக்காதீர்கள். சிலிண்டரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். டேங்கிலுள்ள பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு உள்ளே டார்ச் அடித்துத் துரு பாருங்கள்.

தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்க, அதாவது போர் பண்ண வேண்டி வந்தால் ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுங்கள். அதை அளந்து அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். கடைந்த பிறகு பிஸ்டன் தேடினால் இடைவெளி சரியாக அமையாது. ஒன்று ஆயில் குடிக்கும், இல்லையென்றால் ஜாம் ஆகும்.

எதை மாற்றலாம்? கழற்றித் திரும்ப மாட்ட முடிகிறதா, ஆர்சி விவரத்தைத் தொடாமல் இருக்கிறதா என்று இரண்டு மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் வண்டி 6 வோல்ட்டாக இருக்கும். 12 வோல்ட்டாக மாற்றினால் இரவில் ரோடு தெரியும். பேட்டரி, ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஹாரன், எல்லா பல்புகளும் ஒரே நாளில் மாற வேண்டும். டைகர் லேம்ப் பல்பை மட்டும் மறந்துவிட்டு சாவி போட்டால் அந்த நொடியே அது போய்விடும். புது வயரிங் கிட், புது கேபிள்கள், பிரேக் ஷூ, 19 இஞ்ச் டயர்கள் இரண்டும் அவசியச் செலவு. டயர் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டியது, பட்டன் (டயரின் மேடு) எவ்வளவு இருந்தாலும், வேண்டாம்.

எதை மாற்றக் கூடாது? அகல டயர், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உரசும். செயின் நேர்கோட்டில் நிற்காது. வலது கால் கியரை இடதுக்குக் கொண்டுவரும் லிங்கேஜ் கிட்டின் மூட்டுகள் தேய்ந்து கியர் தப்பும். திறந்த பில்டரும் குட்டை சைலன்சரும் போட்டு கார்புரேட்டர் ஜெட் மாற்றாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து எக்ஸாஸ்ட் வால்வு கருகும். சேஸிஸில் வெட்டி ஒட்டிய வெல்டிங், இந்த ஒற்றை சிலிண்டர் அதிர்வில் பெயிண்டுக்கு அடியில் விரிசல் விடும். அது உடையும் வரை உங்களுக்குத் தெரியாது.

பெயிண்ட்டைக் கடைசியில் பாருங்கள். டேங்கில் கையால் போட்ட தங்கக் கோடு இன்னும் தெரிகிறதா? தெரிந்தால் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மேலே பெயிண்ட் அடித்து ஸ்டிக்கர் கோடு ஒட்டினால் அது போனது போனதுதான். அடித்தே ஆக வேண்டும் என்றால் ஆர்சியில் உள்ள அதே நிறம். டேங்க் நெளிவை டிங்கரிங் செய்து எடுக்காமல் பட்டி பூசி மறைப்பது பட்டறைகளின் வழக்கம். பெயிண்டுக்கு முன் ஒரு சின்னக் காந்தத்தை டேங்க் முழுக்க நகர்த்திப் பாருங்கள். எங்கே பிடிக்கவில்லையோ அங்கே தடிமனாகப் பட்டி இருக்கிறது.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: எஞ்சினைப் பிரித்துக் காட்டியபின் ஒன்று, எஞ்சின் ஸ்டார்ட் ஆனபின் ஒன்று, 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தபின் கடைசி. போர் பண்ணியிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு 50 வேகத்தைத் தாண்ட வேண்டாம். பாதியில் ஒருமுறை ஆயிலை மாற்றி, எஞ்சின் முழுவதும் ஆறியபிறகு ஹெட் நட்டுகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.