மொத்த தூரக் கணக்கு: வாய்ப்பாடு தெரிந்தும் விடை ஏன் தவறுகிறது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வாய்ப்பாடு சரளமாகச் சொல்வாள். ஆனால் தூரக் கணக்கு வந்தால் திணறுகிறாள். "ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 1 மணி 30 நிமிடமும், பிறகு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 மணி 20 நிமிடமும் பைக்கில் சென்றார். மொத்தம் எவ்வளவு தூரம் சென்றார்?" என்ற கணக்குக்கு 184 கி.மீ. என்று எழுதியிருக்கிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சரியான விடை 200. ஆனால் அந்த 184 எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். 40-ஐ 1.30-ஆல் பெருக்கினால் 52. 60-ஐ 2.20-ஆல் பெருக்கினால் 132. கூட்டினால் 184. அதாவது, வேகம் மாறும் இடத்தில் பயணத்தைப் பிரித்து, தனித்தனியாகப் பெருக்கி, கடைசியில்தான் கூட்டியிருக்கிறாள். இந்த வகைக் கணக்கில் கடினமான பகுதியே அதுதான். அதை அவளிடம் சொல்லிப் பாராட்டுங்கள்.

சறுக்கியது நிமிடத்தில். 1 மணி 30 நிமிடத்தை 1.30 என்று எழுதியதும் அரை மணி நேரம் சுருங்கிப்போகிறது. ஒரு மணிக்கு 60 நிமிடம், 100 அல்ல. இங்கே தசமமே வேண்டாம் என்பேன். 40 கி.மீ. வேகத்தில் ஒரு மணிக்கு 40, அரை மணிக்கு 20, ஆக 60. அடுத்ததில் இரண்டு மணிக்கு 120; 20 நிமிடம் என்பது மணியில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு 20, ஆக 140. கால்குலேட்டரில் 2.33 என்று போட்டால் 139.8 வந்து வீணாகக் குழப்பும்.

இதே சறுக்கல் கிலோமீட்டர், மீட்டர் கணக்கிலும் வரும். 2 கி.மீ. 50 மீட்டரை 2.5 என்று எழுதிவிடுவார்கள், அது 2.050. சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் மீட்டராக்கி, 2,050 என்று வைத்துக்கொண்டு கூட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், கணக்கைப் படித்ததும் பேனா பெருக்கலுக்குப் போகக் கூடாது. நோட்டில் ஒரு கோடு போட்டு, வேகம் மாறும் இடத்திலும் ஆள் திரும்பும் இடத்திலும் ஒரு புள்ளி வைக்கட்டும். "பள்ளி 2 கி.மீ. 350 மீட்டர் தூரம். தினமும் நடந்து போய் வருகிறாள். 5 நாளில் எவ்வளவு நடப்பாள்?" என்றால், "வருகிறாள்" என்ற சொல்லைத் தாண்டிவிடும் பிள்ளை 11 கி.மீ. 750 மீட்டர் என்று நிறுத்திவிடும். கோடு போட்டவளுக்குத் திரும்பி வரும் வழி கண்ணில் படும்; 23 கி.மீ. 500 மீட்டர் வரும்.

விடை வந்ததும் தோராயமாகச் சரிபார்க்கலாம். பைக் ஓடியது மொத்தம் 3 மணி 50 நிமிடம். முழுக்க 40-ல் போனால் சுமார் 153, முழுக்க 60-ல் போனால் 230. விடை இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வேகங்களைக் கூட்டி 100, நேரங்களைக் கூட்டி 3.50 என்று வைத்து, பெருக்கி 350 என்று எழுதினால் இது உடனே காட்டிக்கொடுக்கும். 184-ஐ மட்டும் காட்டிக்கொடுக்காது, அதனால் நிமிடத்தைத் தனியாக ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.