பின்வளவில் நிற்கும் சிவப்பு ஓக்கை வெட்டலாமா?

தம்பி, ரொறன்ரோவில் வாங்கிய வீட்டின் பின்வளவில் பெரிய சிவப்பு ஓக் நிற்கிறது, அதை வெட்டிப் பலகையாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அளவுநாடாவை எடுங்கள். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், உங்கள் சொந்த வளவு என்றாலும் நகரசபையின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. நாடாவைச் சுற்றிப் பிடித்தால் ஏறக்குறைய 94 சென்டிமீட்டர்.

இலையையும் பாருங்கள். விளிம்பில் விரல் போலப் பிரிந்து நிற்கும் மடல்களின் நுனி முள் போலக் கூராக இருந்தால் சிவப்பு ஓக், உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக். இந்த வித்தியாசம் பெரியது. சிவப்பு ஓக்கின் உள்ளே நீர் ஏறும் நுண்குழாய்கள் திறந்தே கிடக்கும். சிறு துண்டு ஒன்றின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும், நானே செய்து பார்த்திருக்கிறேன். வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருக்கும். விஸ்கிப் பீப்பாய்க்கு அதை எடுப்பது அதனால்தான்.

வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. தேக்கு மாதிரி நின்று பிடிக்கும் என்று நம்பி, சிவப்பு ஓக்கில் முற்றத்துக்கு ஒரு வாங்கு செய்தேன். மழையையும் பனியையும் உறிஞ்சி, இரும்பு ஆணி அடித்த இடமெல்லாம் கறுத்து, சில வருடங்களில் கால்கள் உக்கிவிட்டன. அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் கவலைதான். வீட்டுக்குள் என்றால் கதையே வேறு. தரை, படிக்கட்டு, அலுமாரி, மேசை எல்லாவற்றுக்கும் அருமையான மரம். சரி, உங்கள் வீட்டுப் பழைய கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், கீழேயே ஓக் தரை இருக்கலாம். இருந்தால் தேய்த்து வார்னிஷ் பூசுங்கள், தயவுசெய்து கழற்றி எறியாதீர்கள். சிவப்பு ஓக் விறகுக்கும் நல்லது, ஆனால் பிளந்து அடுக்கி இரண்டு வருடமாவது காயவிட வேண்டும்.

மரம் நலமாக இருந்தால் வெட்டாமல் விடுங்கள் என்பதே என் விருப்பம். கிளை கழிப்பதானால் குளிர்காலத்தில் மட்டும். ஓக் வாடல் என்ற பூஞ்சை நோய் 2023இல் ஒன்ராறியோவில் கண்டுபிடிக்கப்பட்டது. வசந்தத்திலும் கோடையிலும் புது வெட்டுக்காயத்தைத் தேடி வரும் சிறு வண்டுகள் அதைச் சுமந்து வரும். தொற்றினால் சிவப்பு ஓக் சில வாரங்களிலேயே பட்டுப்போகும். விறகையும் வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அளந்துவிட்டு, இலையின் படத்தையும் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.