எண்ணப் பதிவேட்டை எழுதாமல் வரும் அம்மா

உங்களிடம் மனநல ஆலோசனைக்கு வரும் கடலூர் தேவனாம்பட்டினத்து அம்மா, காற்று பலத்தாலே "புயல் திரும்ப வரப்போகிறது" என்று உறங்காமல் கிடக்கிறார், மனத்தில் எழும் எண்ணங்களைக் குறித்துவரக் கொடுத்த எண்ணப் பதிவேட்டையும் வெறுமையாகவே கொண்டுவருகிறார் என்கிறீர்கள். அதை ஒத்துழையாமை என்று எண்ணிவிடாதீர்கள். எழுதிப் பழகாதவருக்குக் கட்டம் போட்ட தாள் பரீட்சை மாதிரி. அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது உண்மை. "வீண் பயம்" என்று வாதாடினால் மனம் மூடிக்கொள்ளும். எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் மனநலச் சிகிச்சையை உருவாக்கிய மருத்துவர் ஆரோன் பெக் வலியுறுத்தியதும் இருவரும் சேர்ந்து சோதித்துப் பார்ப்பதைத்தான். "இன்றிரவே வரும் என்பதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன்?" என்று மாலையில் ஓர் எண் சொல்லட்டும், விடிந்ததும் நடந்ததோடு ஒப்பிடட்டும். இரவெல்லாம் கதவைத் திறந்து கடலைப் பார்ப்பதுதான் பயத்துக்குத் தீனி; அதைப் படிப்படியாகக் குறையுங்கள். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். கொடுங்கனவுகள் விடாமல் துரத்தினால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.