எக்ஸ்ரே சரி, நடை இன்னும் சரியாகவில்லை

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 53. செம்பூரில் இருந்து கோட்டைப் பகுதி அலுவலகத்துக்கு ஹார்பர் லைன் லோக்கலில் போய்வந்து கொண்டிருந்தேன். வலது கால் பெருவிரல் பக்கத்து விரல் மீது சாய்ந்து, அதன் அடியில் எலும்பு புடைத்து வலித்ததால் நான்கு மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரேயைக் காட்டுகிறார் டாக்டர். ஆனால் மாலையானால் பாதம் வீங்குகிறது. பழைய செருப்பு எதுவும் நுழைவதில்லை. ஸ்டேஷன் படிகளில் இறங்கப் பயமாக இருக்கிறது. வீட்டிலோ, “அதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன?” என்கிறார்கள். நான் பழையபடி நடப்பேனா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பாலானவை நான்காம் மாதத்தில் எதிர்பார்க்கக் கூடியவையே. வெட்டிச் சீரமைத்த எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரங்கள் போதும் என்றாலும், சுற்றியுள்ள தசையும், தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்ப் பாதைகளும் தேற அதைவிட வெகுகாலம் பிடிக்கும். உடலிலேயே தாழ்வான இடம் பாதம் என்பதால், நின்று வேலை செய்த நாளின் நீரெல்லாம் அங்கேதான் இறங்கித் தேங்கும். இந்த வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். அலுவலகத்திலிருந்து வந்ததும் அரைமணி நேரம் படுத்து, குதிகால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளை அடுக்கி வையுங்கள். ஸ்டூலின் மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்வது அதே பலனைத் தராது.

எக்ஸ்ரே எலும்பின் கோணத்தைக் காட்டும், நீங்கள் வாழும் நாளைக் காட்டாது. பாத அறுவை சிகிச்சையின் பலனை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் மான்செஸ்டர்–ஆக்ஸ்ஃபோர்டு வினாப்பட்டியலில் 16 கேள்விகள் உள்ளன. நடப்பதும் நிற்பதும், வலி, நாலு பேருடன் பழகுவது ஆகிய மூன்றையும் பற்றிய அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்லர், நோயாளியே. ஆகவே உங்கள் குறையைச் சொல்லத் தயங்காதீர்கள். வீட்டாரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். சமையலறையில் நின்றபடி செய்யும் வேலையில் பாதியை இன்னும் சில மாதங்கள் அவர்கள் எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

உண்மையில் நான் கவலைப்படுவது வீக்கத்தைப் பற்றியல்ல, உங்கள் நடையைப் பற்றித்தான். வலிக்குமோ என்ற அச்சத்தில் பலர் பெருவிரலை ஊன்றாமல் பாதத்தின் வெளி ஓரத்திலேயே நடக்கப் பழகிவிடுகிறார்கள். நாளடைவில் இரண்டாம் விரலின் அடியிலும் முழங்காலிலும் இடுப்பிலும் வலி தொடங்கும். அடியெடுத்து வைக்கும்போது பெருவிரல் சுமார் 60 பாகை மேல்நோக்கி வளைய வேண்டும். உங்கள் செருப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள்: வலது செருப்பில் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் செல்லுங்கள். விரலின் அடிமூட்டைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல வளைக்கும் பயிற்சியை அவர் கற்றுத் தருவார்; அதை நாளுக்குப் பலமுறை செய்ய வேண்டும்.

படிகளில் கைப்பிடியை விடாதீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். எடுத்த எடுப்பிலேயே கூட்ட நேரத்து லோக்கலில் ஏறிவிட வேண்டாம். ஞாயிறன்று தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் தொல்லை இருக்கும் என்பதால், ஒரு சனிக்கிழமை மதியம் துணையோடு குர்லா வரை போய்த் திரும்புங்கள். அச்சம் தெளிந்தபின் தூரத்தைக் கூட்டுங்கள். முடிந்தால் அலுவலகத்தில் சில வாரங்களுக்கு நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.

புதுக் காலணியை மாலையில், பாதம் வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். செய்தித்தாளின் மீது நின்று பாதத்தின் விளிம்பை வரைந்து கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். அந்தத் தாள் எங்கும் மடங்காமல் காலணிக்குள் படிந்தால்தான் அது உங்கள் அளவு.

பழையபடி ஆவீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நடையும் பயணமும் பெரும்பாலும் திரும்பிவிடும். விரல் முன்போல முழுவதும் வளையாமல் போகலாம், ஓரத்தில் சிறு மரப்பு நிலைக்கலாம், கூர்முனைக் காலணிகளை விட்டுவிடத்தான் வேண்டும். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, விரல் மீண்டும் சாயத் தொடங்கினாலோ, தழும்பு சிவந்து சூடாகிக் கசிந்தாலோ டாக்டரிடம் செல்லுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென மூச்சுத் திணறினால், அது இரத்தக் குழாய்க்குள் உறைந்த இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: சர்க்கரை நோயால் அப்பாவின் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. கோயிலுக்கு வெறுங்காலுடன் போகலாமா?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: வேண்டாம். சர்க்கரை நோயில் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வெயிலில் காய்ந்த கல் சுடுவது தெரியாது. கோயில் வாசல்வரை எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு, உள்ளே தடித்த பருத்திக் காலுறை. வெயில் ஏறுமுன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு விரல் போனபின் அழுத்தம் மற்ற விரல்களின் மீது விழுவதால், தினமும் இரவில் இரண்டு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். சிறு கொப்புளம் தெரிந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.