சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேருக்கு யாரு சோறு போடுறது? (வாசகர் கேள்வி பதில்)

கட்டற்ற மென்பொருள், அதாவது யார் வேணா ஓட்டலாம், உள்ள பாக்கலாம், மாத்தலாம், பகிரலாம்னு விட்ட சாஃப்ட்வேர், அத பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்து குவிஞ்சிருச்சு. எடம் இருக்குற அளவுக்கு இந்த வாட்டி.

கே: விஎல்சி, லிப்ரே ஆபீஸ் எல்லாம் இலவசம்னுதானே சொல்றாங்க? அப்புறம் எதுக்கு டவுன்லோட் பண்ற எடத்துல "டொனேட்"னு ஒரு பட்டன்? (வாசகர், திண்டுக்கல்)

ப: குடுக்கலன்னா யாரும் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கப் போறதில்ல சார். ஆனா குடுத்தா என்ன ஆகும்னு தெரியணும்னா பிளெண்டர் கதைய கேளுங்க. 3டி அனிமேஷன் பண்ற சாஃப்ட்வேர் அது. நெதர்லாந்துல ஒரு கம்பெனிகிட்ட இருந்துச்சு, 2002ல கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க, சாஃப்ட்வேர் முதலீடு போட்டவங்க கையில மாட்டிக்கிச்சு. அத உருவாக்குன டான் ரூசண்டால் அவங்ககிட்ட போய் பேசுறாரு, ஒரு லட்சம் யூரோ வைங்க, சோர்ஸ் கோட (சாஃப்ட்வேர எழுதுன மூல நிரல) விட்டுர்றோம்ங்கிறாங்க. அவரும் யூஸ் பண்றவங்ககிட்டயே கேட்டாரு, 7 வாரத்துல பணம் சேர்ந்துருச்சு! 2002 அக்டோபர் 13 அன்னிக்கு ஜிபிஎல் லைசென்ஸ்ல (யார் வேணா எடுத்து மாத்தலாம், பகிரலாம், ஆனா அதே உரிமைய அடுத்தவங்களுக்கும் குடுக்கணும்ங்கிறது) வெளிய வந்துச்சு, இனிமே எந்த கம்பெனி மூடுனாலும் அத யாரும் பூட்டி வைக்க முடியாது. 2025ல அனிமேஷனுக்கு ஆஸ்கர் வாங்குன "ஃப்ளோ" இருக்கே, லாட்வியாக்காரங்க எடுத்தது, அது இந்த பிளெண்டர்ல செஞ்சதுதான்.

குடுக்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கும் கதை இருக்கு. ஓபன்எஸ்எஸ்எல்னு ஒன்னு, வெப்சைட்ல நீங்க அடிக்கிற பாஸ்வேர்ட் நடுவழியில யார் கண்ணுலயும் படாம மூடி அனுப்புறது அதோட வேலை. லட்சக்கணக்கான சைட் அத நம்பித்தான் ஓடுச்சு. 2014ல அதுல ஹார்ட்பிளீட்னு பெரிய ஓட்டை வெளிய வந்தப்பதான் தெரிஞ்சுச்சு, வருஷத்துக்கு வந்துட்டிருந்த நன்கொடையே சுமாரா 2000 டாலர்தான், முழுநேரமா வேலை பாத்தது ஒரே ஒருத்தர். கோடி கோடியா சம்பாதிச்ச கம்பெனிங்க எல்லாம் அத ஓசியில ஓட்டிட்டு இருந்திருக்காங்க. பட்டன மொதல்ல அமுக்க வேண்டியது அவங்கதான்னு நான் நெனைக்கிறேன், நாம அதுக்கு அப்புறம்.

கே: யார் வேணா கோடு எழுதலாம்னா திருடனும் உள்ள பூந்துரலாமே? (பொறியியல் மாணவர், கோவை)

ப: பூந்திருக்கான் தம்பி, மறைக்கிறதுக்கு ஒன்னுமில்ல. எக்ஸ்இசட்னு ஃபைல சுருக்குற ஒரு டூல், லினக்ஸ்னு விண்டோஸ் மாதிரி ஒரு கட்டற்ற ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கே, கிட்டத்தட்ட அதோட எல்லா வகையிலயும் இருக்கும், பல வருஷமா ஒருத்தர் சம்பளம் இல்லாம தனியா பாத்துட்டு இருந்தாரு. "ஜியா டான்"ங்கிற பேர்ல ஒரு ஆள் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா வேலை செஞ்சு நம்பிக்கை சம்பாதிக்கிறான். இன்னொரு பக்கம் வேற வேற பேர்ல சில பேர் "ஏன் இவ்ளோ லேட்டு, முடியலன்னா வேற ஆள்கிட்ட குடுங்க"ன்னு அந்த மனுஷன நச்சரிக்கிறாங்க. கடைசியில பொறுப்பு ஜியா டான் கைக்கு போகுது, அவன் அடுத்தவங்க மெஷினுக்குள்ள திருட்டுத்தனமா நுழைய அதுல கள்ளக்கதவு வச்சுட்டான்.

மாட்டுனது எப்படின்னா, ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட்னு ஒருத்தர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வேலை பாக்குறவரு, தன் மெஷின்ல எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள்ள பாதுகாப்பா நுழையுற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு தோண்ட ஆரம்பிச்சாரு. சோர்ஸ் கோடு கையில இருந்ததால தோண்டிக்கிட்டே போய் கண்டுபுடிச்சு 2024 மார்ச் 29 அன்னிக்கு எல்லாருக்கும் சொல்லிட்டாரு. டெபியன் மாதிரி லினக்ஸ் வகைகள்ல நாம தெனமும் ஓட்டுற ஸ்டேபிள் வெர்ஷனுக்கு வந்து சேர்றதுக்குள்ள புடிச்சாச்சு. எனக்கு இதுல பயமா இருக்கிறது அந்த கள்ளக்கதவு இல்ல, அந்த மனுஷன் அத்தன வருஷம் ஒத்தையா கெடந்ததுதான்.

கே: நான் பி.காம் படிக்கிறேன், புரோகிராமிங் சுத்தமா தெரியாது. என்னால என்ன செய்ய முடியும்? (வாசகி, விழுப்புரம்)

ப: ஒழுங்கா குறை சொல்லத் தெரிஞ்சா போதும் தங்கச்சி, பாதி வேலை முடிஞ்சுது! "தமிழ் சரியா வரல, பாருங்க"ன்னு எழுதுனா அத வச்சு யாரும் ஒன்னும் பண்ண முடியாது. லிப்ரே ஆபீஸ்ல ஒரு லெட்டர் அடிச்சு பிடிஎஃப் ஆக்குறீங்க, "கொ"ல கொம்பு மட்டும் தனியா விலகி நிக்குதுன்னு வைங்க. ஹெல்ப் மெனுல "அபவுட்"ட தொறந்தா வெர்ஷன் விவரத்த காப்பி பண்ண ஒரு பட்டன் இருக்கும், அத எடுத்துக்கோங்க. எந்த ஃபான்ட், விண்டோஸா லினக்ஸா, என்ன அமுக்குனீங்க, என்ன வந்துச்சு, இதெல்லாம் வரிசையா எழுதி, அந்த ஒரே ஒரு வார்த்தை இருக்குற குட்டி ஃபைலையும் சேத்து அவங்க பக்ஸில்லாவுல (குறைகள பதிவு பண்ற வெப்சைட்) போடுங்க. போடுறதுக்கு முன்னாடி ஏற்கனவே யாராவது போட்டிருக்காங்களான்னு தேடுங்க, இருந்தா அதுலயே "எனக்கும் இந்த வெர்ஷன்ல வருது"ன்னு சேத்துருங்க. ஜெர்மனியில ஒக்காந்து கோடு எழுதுறவருக்கு "கொ" எப்படி இருக்கணும்னே தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

மொழிபெயர்ப்பும் பண்ணலாம், லிப்ரே ஆபீஸுக்கு வெப்லேட்டு, ஃபயர்ஃபாக்ஸுக்கு பாண்டூன்னு மொழிபெயர்க்கிற சைட் இருக்கு, ரெண்டுமே பிரவுசர்லயே முடிஞ்சுரும். அப்புறம் உங்க ஊர்லயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கு, இத விட்டுட்டு எனக்கு கடுதாசி போடுறீங்க பாருங்க.

கே: காசு குடுத்து வாங்குன இ-புக்க கம்பெனி திருப்பி எடுத்துக்க முடியுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: எடுத்திருக்காங்க சார். 2009 ஜூலைல அமேசான், ஜனங்களோட கிண்டில்ல இருந்து ஆர்வெல் எழுதுன "1984"ஐயே அழிச்சுட்டாங்க, ஊரையே உளவு பாக்குற அரசாங்கத்த பத்தின அதே நாவல்தான்! அமேசான்ல அத வித்த பதிப்பாளருக்கு உரிமை இல்லயாம், காசு திரும்ப வந்துருச்சு, அப்புறம் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டாரு. ஆனா அழிக்க முடியும்ங்கிறது தெரிஞ்சு போச்சுல்ல? பூட்டு இல்லாத ஈபப், பிடிஎஃப் கிடைக்கிற எடத்துல எடுத்து உங்க டிஸ்க்ல வச்சுக்கோங்க. தமிழுக்கு "ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்"னு தன்னார்வலர்கள் 2013ல இருந்து இத செய்யுறாங்க.

கே: கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். லினக்ஸ் போட்டுக் குடுத்து 500 ரூபா வாங்குறது தப்பா? (சிவகாசி)

ப: தாராளமா வாங்குங்கண்ணே. இந்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்த ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985 வாக்குல ஈமேக்ஸ்ங்கிற தன்னோட டெக்ஸ்ட் எடிட்டர டேப்ல போட்டு 150 டாலருக்குத்தான் வித்தாரு. ஜிபிஎல் சாஃப்ட்வேர கஸ்டமருக்கு குடுக்குறப்ப சோர்ஸ் கிடைக்கிற வழியும் சேத்து குடுக்கணும், அவரு அத காப்பி போட்டு மச்சானுக்கு குடுத்தா நீங்க தடுக்கக் கூடாது, அவ்ளோதான். திருட்டு விண்டோஸ் போடுறத விட நிம்மதியா தூங்கலாம்.

கே: ஸ்டால்மன் மொபைல் போனே வச்சுக்க மாட்டாராமே, நானும் தூக்கிப் போட்டுரணுமா? (வாசகர், சேலம்)

ப: அவருக்கு முடியுது, நமக்கு கரன்ட் பில்லு கட்ட ஓடிபி வரணுமே. எஃப்-டிராய்டுன்னு ஒரு ஆப் ஸ்டோர் இருக்கு, கட்டற்ற ஆப்பா மட்டும் இருக்கும், அத போட்டு அதுல இருந்து "ஸ்ட்ரீட்கம்ப்ளீட்" எறக்குங்க. தெருவுல நடக்கும்போது இது தார் ரோடா மண் ரோடா, இந்த கடை எத்தன மணிக்கு தொறக்கும்னு கேள்வி கேக்கும், நீங்க தட்டுற பதில் ஓபன் ஸ்ட்ரீட் மேப்புல, அதாவது ஜனங்களே சேந்து போடுற மேப்புல, ஏறிரும். ராத்திரில மட்டும் பண்ணாதீங்க, எங்க தெருவுல நாய் தொரத்துது.